சும்மா நிற்கும் படகு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ராயபுரத்தில் எதிர் வீட்டு ஜூடி தன் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னபோது, மாடியில் துணி உலர்த்துவதுபோல் நின்று கேட்டேன். துணி ஏற்கெனவே காய்ந்திருந்தது. ஜூடி, எண்ணூரில் கப்பல் வந்து நிற்கக் கடலுக்குள் மேடை கட்டும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். வருடம் 2003.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக..." (வேண்டாம். அன்று நான் கடலைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது: கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. பட்ஜெட்டின் ஒவ்வொரு செலவையும் கால அட்டவணையிலுள்ள ஏதாவதொரு வேலையோடு கட்ட வேண்டும். அந்த வேலை முடிந்தால் செலவு தானே மூடிக்கொள்ளும். (தூக்கம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் ஒரு ஆள் செத்தது இந்த இடத்தில்தான்.)

ஒரு செலவு மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. மேலேயிருந்து யாராவது விழுந்தால் தூக்குவதற்காக நாள் முழுக்க மேடைக்குக் கீழே நிற்கும் படகு. ஓட்டுபவர் இக்னேஷியஸ், ஜூடியின் சித்தப்பா, எங்கள் தெருக்கோடி வீடு. வேலை வாங்கிக் கொடுத்ததே ஜூடிதான்.

"இன்னா நைனா, சும்மா குந்திகினு கீறதுக்குக் கூலியா?" என்று தெருவே அவரைக் கலாய்த்தது. நானும்தான்.

"எவனும் வுழலன்னா நான் நல்லா வேல செஞ்சேன்னு அர்த்தம்" என்பார்.

அட்டவணையில் அப்படியொரு வேலை கிடையாது. ஜூடி படகை 'தூண் இறக்குதல்' என்பதோடு கட்டிவிட்டாள்.

3

தூண்கள் முடிந்தன. படகுச் செலவு மூடிக்கொண்டது. நாளையிலிருந்து வராதீர்கள் என்று இக்னேஷியஸிடம் வாயால் சொன்னார்கள், காகிதம் தரவில்லை. அடுத்த செவ்வாய், மேலே தளம் போட்டுக்கொண்டிருந்த மாரியப்பன் கடலில் விழுந்தார். அவருக்கு... (நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். அவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உருகுவது கலீஜான வேலை.) உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

விசாரணைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும், மேலாளர் தாமோதரன் ஜூடியைக் கூப்பிட்டார்.

"படகத் தளம் போடுற வேலையோட மாத்திக் கட்டும்மா. போன மாசத் தேதியில."

"அப்போ அன்னிக்கு ஏன் வரலன்னு சித்தப்பாவக் கேப்பாங்களே சார்?"

"அத அவர் சொல்லிக்கட்டும். இல்லன்னா, தப்பாக் கட்டினது யாருன்னு உன்னத்தான் கேப்பாங்க."

4

இங்கே ஜூடியை மறுக்கவைத்து ஒரு முடிவு எழுதினேன். நிமிர்ந்த தலை, மேசைமேல் ராஜினாமா. படித்துப் பார்த்தால் ஒரே சினிமா. கிழித்தேன்.

அவள் மாற்றிக் கட்டிவிட்டாள். "கீபோர்டுல ரெண்டு தட்டுதாம்மா" என்றாள் அம்மாவிடம்.

எவர் வீட்டு விஷயமும் என் வாயில் ஒரு நாள் தங்கியதில்லை. இது பதினொரு நாளாகத் தங்கியிருக்கிறது. சொன்னால் ஜூடி உள்ளே போவாள். சொல்லாவிட்டால் அவள் சித்தப்பா.

5

இன்று காலை இக்னேஷியஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஆபீஸ்ல கூப்புட்டுகிறாங்கோ! மறுபடி படகு வோணும்போல கீது. சட்ட நல்லா கீதா?"

"சூப்பரா கீதுண்ணே."

அவர் எண்ணூர் பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நிற்கிறார். என் ஜன்னலிலிருந்து தெரிகிறார். நடந்தால் இரண்டு நிமிடம். நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதும்வரை எழுந்து போக வேண்டியதில்லை.

நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள். பஸ் இன்னும் வரவில்லை.