பக்கத்து அலைவரிசைக்குள் வழிந்தது யார் குற்றம்?

மதியம் பன்னிரண்டுக்குள் சோதனைத் திரையில் கோடு இறங்கவில்லை என்றால், இன்ஜினியரான அவள் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த, சிக்னலைப் பெருக்கும் ஆம்பிளிஃபையரை மூட்டை கட்டிவிட்டு, பழைய தடியனையே செல்போன் கோபுரத்தில் ஏற்றிவிடுவார்களாம். மேனேஜர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

பழையது மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும், ஆனால் ஒழுங்கானது. இவளுடையது சிக்கனம். அதில் ஒரே வம்பு, முழு மூச்சில் ஓடும்போது சிக்னலை நெளித்துவிடும். நெளிந்தது பக்கத்து அலைவரிசைக்குள் வழியும். அதற்காகவே சிக்னலை முன்கூட்டி எதிர்ப்பக்கம் நெளித்து அனுப்பும் மென்பொருளை எழுதினாள், திருத்தினாள், திருத்தியதையும் திருத்தினாள். மூன்று வாரம் தலைகீழாக நின்றாயிற்று. சிக்னலை அளக்கும் மீட்டரின் திரையில் அதன் இரு பக்கமும் தோள்போல் புடைத்திருந்த கோடு அசைந்தால்தானே!

சோதனைக்கூடத்துக்காரரை எல்லாரும் ‘சந்தேகம்’ என்றே கூப்பிடுவார்கள். காப்பியைக் கொடுத்தால் காப்பிதானா என்று கேட்கிற ஆள்.

“ஏம்மா, ஆம்பிளிஃபையரையே திட்டிக்கிட்டு இருக்கியே, மீட்டரைச் சோதிச்சியா?”

“போன மாசம்தான் அதைச் சரிபார்த்து வந்துச்சு. வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கண்ணே.”

“பாக்கறதுல என்ன குறைஞ்சுபோச்சு?”

சிக்னலின் பலத்தைப் பத்து டெசிபல் குறைக்கும் சிறு அட்டெனுவேட்டர் ஒன்றை மீட்டரின் வாயில் திருகினார். குற்றம் ஆம்பிளிஃபையருடையது என்றால் சிக்னலும் தோளும் சேர்ந்தே பத்து இறங்க வேண்டும். சிக்னல் பத்து இறங்கியது. தோள்களோ தடாலென்று சரிந்து, இருந்த இடம் தெரியாமல் போயின.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மீட்டர் தாங்காத அளவு சிக்னலை ஊட்டியிருக்கிறாள்! திணறிப்போய் நெளித்தது மீட்டர்தான். மூன்று வாரத்துக்கு முன், முதல் நாள் அவசரத்தில், அட்டெனுவேட்டர் இல்லாமல் கேபிளை நேரே மாட்டியவளும் அவளேதான்.

“அட கடவுளே! மூணு வாரம்ணே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, ஒரு நப்பாசையில், முதல் நாள் எழுதிய மென்பொருளை எடுத்து ஓட்டினாள். அதுவே தேறியது.

பதினொன்றரைக்கு மேனேஜர் வந்தார். “பாத்தியா, நெருக்கினாத்தான் வேலை நடக்குது. எந்தத் திருத்தம் கைகொடுத்துச்சு?”

சந்தேகம் கூரையைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற ஆளில்லை அவர். அவளுக்குத்தான் பொய் வாயில் வரவில்லை.

“எதுவுமே இல்ல சார். முதல் நாள் எழுதினதே சரிதான். மீட்டரைத் தப்பா மாட்டினது நான்.”

மேனேஜர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்: “நீ எழுதினது சரியா இருக்கலாம்னு ஒருநாள்கூடத் தோணலியாம்மா?”

தோன்றவே இல்லை. அது அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. ஆனாலும் தாளை வாங்கும்போது வாயெல்லாம் பல்.