காரணச் சரிபார்ப்பு அலுவலகம்

குடிமைப் பணித் தேர்வில் முன்னணி இடம் பிடித்தவர்கள், தங்கள் வெற்றிக்கான காரணத்தை நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தால்தான் பணி ஆணை கிடைக்கும். காரணங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் அண்ணா நகரில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருக்கிறது. ஒப்படைத்தவற்றை அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர்களின் பார்வைக்காகக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். போன வருடம் ஒருவர் கடவுள் அருள் என்று சொல்லிவிட்டார். அவருடைய குலதெய்வம் இப்போது இரண்டாம் தட்டில் இருக்கிறது. ஊரில் கோவில் காலி.

நான் நாட்டிலேயே ஐந்தாவதாக வந்திருந்தேன். என் காரணங்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. விடியற்காலை விழிப்பு, செய்தித்தாள் வாசிப்பு, கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் விடாமுயற்சி. தனியாகத் தூக்க முடியாததால் என் அறைத்தோழி வசுமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். தோற்றவர்களை யாரும் அங்கே அழைத்து வருவதில்லை என்பது எனக்குத் தெரியாது.

வசுமதிக்கு இது கடைசி வாய்ப்பு. வயது வரம்பு முடிந்துவிட்டது. முதல்நிலைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் நின்றுபோனாள். தன் சாக்கையும் தூக்கி வந்திருந்தாள், திரும்பும் வழியில் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று.

அதிகாரி நமச்சிவாயம் நேர்மையான மனிதர். என் சாக்கைத் தராசில் வைத்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அவர் பார்வை இன்னொரு சாக்கின் மேல் விழுந்தது. அதையும் பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்ததெல்லாம் அச்சு அசல் என்னுடையதுதான். வசுமதியின் விடாமுயற்சி மட்டும் கொஞ்சம் கூடுதல் கனம். தோற்றவரிடமும் இருக்கிற பொருளைக் காரணமாக ஏற்க விதியில் இடமில்லை என்று வருத்தத்துடன் சொன்னார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். வசுமதி ஒழுங்காகப் படிக்கவில்லை என்று நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவள் சாக்கு கணக்கில் வராது. இல்லாவிட்டால் வேலை என் கையைவிட்டுப் போய்விடும்.

"எழுதிக் குடுத்துட்டு வேலைய வாங்குடி," என்றாள் வசுமதி. "எங்க மாமியார் இத ஏற்கெனவே ஊர் பூரா சொல்லியாச்சு. நீயும் சொன்னா என்ன குறைஞ்சிடப் போவுது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தை என் மண்டையில் ஏற்றியதே அவள்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தவளும் அவள்தான். அதிகாரி நீட்டிய பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"எழுத மாட்டேன் சார். எங்கிட்ட இருந்ததெல்லாம் அவகிட்டயும் இருந்துது."

"ரொம்பப் பிடிவாதம் மேடம் உங்களுக்கு."

"அதுவும் ரெண்டு சாக்குலயும் இருக்கு. நல்லாப் பாருங்க."

பார்த்தார். இருந்தது. என்னிடம் மட்டுமே இருப்பது வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. முதல்நிலைத் தேர்வில், மரத்தில் முட்டையிடும் தவளை எது என்ற கேள்விக்கு எங்கள் இருவருக்குமே விடை தெரியாது. விடைத்தாளில் ஆளுக்கொரு வட்டத்தைக் குத்துமதிப்பாகக் கறுப்பாக்கிவிட்டு வந்தோம். என்னுடையது சரியாகிவிட்டது. அந்த வட்டம் என் கைப்பையில் சில்லறையோடு கிடந்தது, மிளகு அளவில். எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தராசின் முள் அசையவில்லை. வசுமதியின் சாக்கை உதறிப் பார்த்தார். அதில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே தேர்வில் வென்றது வட்டம்தான் என்று முடிவாயிற்று. நமச்சிவாயம் பணி ஆணையில் என் பெயரை அடித்துவிட்டு வட்டத்தின் பெயரை எழுதினார். நாங்கள் இரண்டு சாக்குகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பழைய பேப்பர் கடைப் பக்கம் போகவில்லை.

வட்டம் இப்போது என் மாவட்டத்தில் உதவி ஆட்சியர். போன திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நானும் வசுமதியும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். டவாலி அதை ஒரு வெள்ளைத் தட்டில் ஏந்திவந்து நாற்காலியில் இறக்கிவைத்தார். தாசில்தார் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. தாசில்தார் கண்ணால் சாடை காட்டினார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

வட்டம் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அது எழுந்து நின்றது.

வசுமதி அதை உட்காரச் சொன்னாள்.