அடுத்த வீட்டு எருக்கு

அன்புக்கரசி வீட்டுப் பின்பக்கம் குரோட்டன்ஸ் கிடையாது, ரோஜா கிடையாது. கோட்டை மலையடிவாரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிற ஆவாரை, துத்தி, தும்பை, நொச்சி, எல்லாம் அவளே விதை பொறுக்கி வந்து போட்டவை. கல்குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்தவள். வெயிலுக்கு வாடுகிற செடியைத் தாங்கிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கடைசியாக ஓர் எருக்கும் வைத்தாள். அதன் இலையைத் தின்கிற புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகிறது என்று போனில் பார்த்திருந்தாள்.

“வூட்ல போயி எருக்கு வெப்பாங்களா?” என்று புருஷன் பச்சமுத்து முனகினான்.

“தானா முளைச்சாத்தான்யா வூடு பாழு. நாம வெச்சா அது செடி.”

காய் வெடித்தது. பஞ்சோடு விதை பறந்தது. மழை விட்ட ஒரு காலை, மாடியில் துணி காயப்போடப் போனவள் கீழே பார்த்தாள். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளின் வாசற்படி இடுக்கில் சாம்பல் பூத்த நாலு எருக்கிலை.

போன வருஷம் சாக்கடைத் தகராறில், குழாயடியில் தெருவே வேடிக்கை பார்க்க, “உன் வூட்ல எருக்கு முளைக்க!” என்று அந்தக் கிழவிமேல் மண்ணை வாரித் தூற்றியவள் இவள்தான். அடுத்த மாதமே கிழவியின் மகன் இளவரசன் குடும்பத்தோடு ஒரகடத்துக்கு வேலைக்குப் போனான். பொங்கலுக்கும் வரவில்லை. பிறகு இரண்டு வீடும் குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டன. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

களைக்கொத்தோடு ஓடினாள். லட்சுமியம்மாள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாமே, கொத்தும் கையுமா?”

“இந்தச் செடிய எடுத்துடலாம்னு அத்தே. எங்க வூட்டு வெதைதான். காத்துல வந்துடுச்சி.”

“ரெண்டு எல உடறப்பவே பாத்துட்டேன்.”

“பின்ன ஏன் புடுங்கல?”

“காத்துல வந்துச்சோ, உன் வாய்லருந்து வந்துச்சோ, எனக்கு இன்னா தெரியும்? வெச்சவளே வந்து பாக்கட்டும்னு உட்டேன்.”

அன்புக்கரசிக்கு முகம் எரிந்தது. குனிந்து கொத்தினாள். வேர் பாதியில் அறுந்தது, கையெல்லாம் பால்.

“எங்க வூட்டுதையும் வெட்டிடறேன் அத்தே.”

“அது இன்னாடி பண்ணுச்சி? அத வெட்டினா எம்புள்ள பஸ் ஏறிடுவானா?”

“அன்னிக்கி நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாது.” தலை நிமிரவில்லை.

“சாபம் உட்டப்போ மேட்டுத்தெரு வரிக்கும் கேட்டுச்சி. இப்ப இன்னாமே, எறும்புகிட்ட சொல்ற?”

குழாயடியில், அன்றைக்கு வேடிக்கை பார்த்த நாகம்மாளும் இன்னும் சிலரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். அன்புக்கரசி எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினாள். பால் ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நாகம்மாக்கா…”

“சத்தமா” என்றாள் லட்சுமியம்மாள்.