ரோஸ் விழுங்கிய முத்து

என் வீட்டுக்காரர் கிருபாநிதிக்கு ஒரு வியாதி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து, போனில் படித்த அதிசயத்தையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். கடல்குதிரையில் ஆண்தான் குட்டி போடுமாம். எதற்கு எத்தனை இதயம் இருந்தால் எனக்கென்ன? தைக்க வேண்டிய ஜாக்கெட் மலைபோலக் கிடக்கும். பாதியிலேயே "போதும்" என்பேன். மீதியைக் கொல்லைப்புறம் போய் ரோஸிடம் சொல்லுவார்.

ரோஸ் எங்கள் கோழி. மகள் ஜெபிஷா வேலைக்குச் சென்னை போன வருஷம், பனிமய மாதா திருவிழாவில் ரோஸ் கலர் சாயம் அடித்த குஞ்சாக வாங்கி வந்தார். சாயம் போயிற்று, பெயர் நின்றுவிட்டது. அவர் மடியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும். "குழம்புல போட்டுருவேன்" என்று நான் தினமும் மிரட்டுவேன்.

ஜெபிஷாவுக்குக் கல்யாணம் கூடியது. அறுபத்தொன்றில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது, என் அப்பா ஒரே ஒரு முத்து வாங்கி அம்மாவுக்கு மோதிரம் செய்து போட்டார். அந்த முத்தைக் கழற்றிப் பதக்கத்தில் வைத்து மகள் கழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை. ஆசாரி பதக்கத்தை முடித்துவிட்டு முத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"செத்த மீன் கண்ணு மாதிரி மங்கிக் கிடக்கேக்கா. வேற முத்து வச்சிருவமா?"

எங்கள் அப்பா முத்துக்கு வேறு முத்தா? முத்தையும் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இவர் ஆரம்பித்தார். "மணி, சிலோன்ல அந்தக் காலத்துல மங்குன முத்தக் கோழிக்குத் தின்னக் குடுப்பாங்களாம். உள்ள போயிப் பளபளன்னு ஆயிருமாம். அப்புறம்..."

"போதும். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவளுக்கு மதி எங்க போச்சு? போயிக் கல்யாணப் பத்திரிகை குடுத்துட்டு வாங்க."

போய்விட்டார். ஆனால் அந்தப் 'பளபள' என் காதிலேயே நின்றது. இந்த மனுஷன் சொன்னதில் ஒன்றாவது உபயோகப்படட்டுமே! முத்தைச் சோற்றில் உருட்டிப் போட்டேன். ரோஸ் ஒரே முழுங்கு. காலில் கயிறு கட்டி, கீழே பேப்பர் விரித்துக் காவல் இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். "ஏளா, ரோஸ எதுக்குக் கட்டிப் போட்டுருக்க?"

"அந்த முத்து எப்பங்க வெளிய வரும்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி! அது வராதுளா. போட்ட ஒரு நிமிசத்துல கோழிய அறுத்து எடுத்துருவாங்க. விட்டா வயித்துக்குள்ள அரைச்சுக் கரைச்சிரும்."

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

அவர் கயிற்றை அவிழ்த்தார். ரோஸை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து, அரிவாள்மணையை என் முன்னால் எடுத்து வைத்தார்.

"அறு, மணி. கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும். உங்கப்பா ஆசையா வாங்குனது."

சொல்லிக்கொண்டே ரோஸின் முதுகைத் தடவினார். ரோஸ் பயப்படவே இல்லை. இவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று தலையைச் சாய்த்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்காத மீதியையெல்லாம் கேட்டது இந்தச் சனியன்தானே! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தூக்கிட்டுப் போங்க. எங்கப்பா உசுரோட இருந்தாலும் இத அறுக்க விடமாட்டாரு."

போனில் விஷயத்தைக் கேட்ட ஜெபிஷா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். ஆசாரி வேறு முத்து வைக்கிறேன் என்றதற்கு அவள் ஒப்பவில்லை. கல்யாணத்தன்று முத்துக்கான குழி காலியாக இருக்க, அப்படியே அந்தப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் சம்பந்தியம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். "இங்கன இருந்த முத்து எங்க?"

இவர் வாயைத் திறந்தார். உடனே என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்களே சொல்லுங்க ஜெபிஷாப்பா," என்றேன். "மொதல்ல இருந்து, முழுசாச் சொல்லுங்க. நானும் கேக்கேன்."