பின்னறையில் இருந்த இருவர்

பல்செட் செய்கிறவர் ஓய்வுகால நிதிக்கு முதல் தவணை கட்டிவிட்டு வீடு திரும்பிய மாலை, பின்னறையின் இரண்டு நாற்காலிகளிலும் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "யாரையும் இல்லப்பா, நாங்கதான்" என்றார் கிழவர். அவர் காதுக்குக் கீழே இருந்த மச்சம் இவருடைய மச்சம். கிழவியின் கட்டைவிரலில் இருந்த தழும்பு, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இவர் மனைவிக்குப் போன வருடம் லென்ஸ் கீறி வந்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு முடிதான் ஒண்ணும் மிஞ்சல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். நிதியில் சேர்த்துவிட்ட ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சில வீடுகளில் இப்படி முன்கூட்டியே வந்துவிடுவது உண்டு என்றும், தவணையை மட்டும் நிறுத்தாமல் இருந்தால் போதும் என்றும் அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

கிழவர்கள் தொந்தரவு செய்கிற ரகம் இல்லை. ஆளுக்கொரு டம்ளர் பால், அதுவும் இவர்கள் ஊற்றியது அல்ல, தானாகவே வருவது. நிதிப் பணம் போட்டிருந்த பங்குச் சந்தை ஏறினால் டம்ளர் தளும்பும், இறங்கினால் அடிக்குப் போய்விடும். எந்தப் பங்கு ஏறும் என்று பல்செட்காரர் நைசாகக் கேட்டுப் பார்த்ததற்கு, அதெல்லாம் மறந்துபோச்சுப்பா என்று கிழவர் கையை விரித்துவிட்டார். நல்ல வருடங்கள் சில தொடர்ந்து வந்தன. கிழவருக்குத் தொப்பை போட்டது. கிழவி தன் கண்ணாடிக்கு வேறு ஃபிரேம் கேட்டாள், மனைவியும் கடையிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து வந்தாள். சுவரில் ஒருநாள் தானாகவே ஒரு ஜன்னல் திறந்துகொண்டது. பல்செட்காரர் அந்த நாட்களில் தெருவில் நடந்த நடையே வேறு. பாதி உலகத்தை அவர்தான் வாங்கிப் போட்டிருப்பது போல இருக்கும்.

பிறகு கண்காணாத தேசத்தில் ஏதோ ஒரு வங்கி கதவைச் சாத்தியது, இங்கே சந்தை சரிந்தது. இந்த வீட்டுப் பின்னறையில் டம்ளர்கள் காய்ந்தன. ஒரே வாரத்தில் கிழவர்களின் கன்னம் ஒட்டிப்போய், கிழவரின் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மடியில் விழுந்தன. பல்செட்காரரின் கை தெரிந்த வேலையைத்தான் செய்யும். பட்டறைக்குப் போய் மெழுகைச் சூடாக்கி எடுத்து வந்து, கிழவரின் ஈறுக்கு அச்சு எடுத்தார். தன் வாய்க்குத் தானே இத்தனை வருடம் முந்தி அளவெடுத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். செட் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கடிக்கத்தான் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பின்னறையைப் பார்ப்பார். பயம் அவரைப் பிடித்துக்கொண்டது, சும்மா இல்லை, உடும்புப் பிடியாக. "கொஞ்சம் பொறுங்க, இறங்கினது ஏறாமலா போகும்" என்று மனைவி சொன்னாள். அவர் காதில் விழவில்லை. மறுநாள் அவளிடம் சொல்லாமல் நிதியில் இருந்த மொத்தத்தையும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, வந்ததை பேங்க்கில் டெபாசிட்டாகப் போட்டார்.

அன்று மாலை கிழவரின் டம்ளரில் பால் இருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் கண்ணாடி மட்டும் மடித்து வைத்திருந்தது. எங்கே என்று கேட்டதற்குக் கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டு, இதுவரை இல்லாத வழக்கமாகக் குரலைத் தாழ்த்தி, "இருக்கிற பணம் ஒருத்தருக்குத்தான் காணும்னு ஆகிப்போச்சு சார்" என்றார்.

பல்செட்காரர் பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தூங்குகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார். வருடக்கணக்கில் அதையே சொன்னார். மீண்டும் தவணை கட்டத் தொடங்கி, இரண்டு பட்டறைக்கு வேலை எடுத்து, பிளாஸ்டர் தூசியில் இருமி இருமி, இருமலுக்கு டாக்டரிடம் போகிற காசையும் அந்த நாற்காலிக்காகவே போட்டார். சந்தை விழுந்தது, எழுந்தது, இன்னொரு முறை விழுந்தது. அவர் விற்கவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனைவியின் முகத்தைத்தான் நேராகப் பார்க்க முடியவில்லை. பூட்டைத் திறக்கும்போதெல்லாம் நாற்காலி காலியாகவே இருக்கும். கிழவர் மட்டும், இவர் இருமுவது போலவே இருமத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்தச் சாவியக் கழட்டி வைங்க, இடுப்புல காய்ச்சுப்போச்சு. நான் அங்க இல்லைங்கிறது எனக்குத் தெரியும்."

"எப்போலருந்து?"

"மொத நாள்லருந்து. எங்கிட்டயும் ஒரு சாவி இருக்குல்ல. தினம் போயி அந்தக் கண்ணாடியத் தொடச்சு வைக்கிறேன்." அவள் தட்டை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டருகிட்டப் போங்க. நான் அந்த நாற்காலிக்குத் திரும்பி வந்து பாக்கறப்போ நீங்க இல்லன்னா, அந்த ரூம்ல நான் யாரு கூடப் பேசறது?"

அவர் டாக்டரிடம் போனார். மருந்துக்குச் செலவான மாதங்களில் தவணை குறைந்தது, மீதியை அவள் தன் சம்பளத்திலிருந்து போட்டாள்.

வயதாகி அவர் பட்டறை வேலையை விட்ட அன்று இருவரும் சேர்ந்தே பின்னறைக்குப் போனார்கள். கிழவர் எழுந்து, வாயிலிருந்து செட்டைக் கழற்றிக் கழுவி, பல்செட்காரரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனார். அதற்குள் பல் கொட்டிப்போயிருந்த இவர் வாய்க்குச் செட் அளவாக இருந்தது, இருக்காதா பின்னே. மனைவி காலி நாற்காலியில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பவர் சரியாக இருக்கிறது என்றாள்.

டம்ளர் ஒன்றுதான் வருகிறது. இரண்டு பேருக்குக் கொஞ்சம் பற்றாது. காலையில் எழுந்ததும் அவர் முதலில் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார், அவளும் அப்படியே பார்ப்பாள். இரண்டு பேரும் இருப்பது உறுதியான பிறகுதான் ரேடியோவைப் போடுவார்கள். சந்தை ஏறியிருந்தால் அவள் முதலில் குடிப்பாள். இறங்கியிருந்தாலும் அவள்தான் முதலில் குடிப்பாள், அவர் அப்படித்தான் கொடுப்பார்.