பலகையிலிருந்து இறங்கச் சொன்ன குரல்

சபையில், ஞாயிறு ஆராதனையின் நடுவே, சாட்சி சொல்லப் பெயிண்டர் எழுந்தபோதே கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. தம்பியோடு அதே கட்டடச் சாரத்தில், அதே பலகையில் நின்று பிழைத்தவன் இந்தப் பெயிண்டர்.

"மூணாவது மாடி. நானும் இந்தக் கொத்தனார் அண்ணனோட தம்பியும் ஒரே பலகையில நிக்கிறோம். திடீர்னு உள்ளுக்குள்ள ஒரு குரல், 'மகனே, இறங்கு'ன்னு. ஜன்னல் வழியா உள்ள காலை வெச்சேன். திரும்பிப் பாத்தா பலகையும் இல்ல, ஆளும் இல்ல. கர்த்தர் என்னைக் காப்பாத்திட்டாரு!"

"ஆமென்!" கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். பக்கத்தில் அம்மாவும் சொன்னாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், அடுத்தவள் பிள்ளை பிழைத்ததற்கு அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். கொத்தனார் மனசுக்குள் அந்தப் பலகையை நிறுத்திப் பார்த்தார்.

சாரத்தில் ஏறிப் பிழைக்கிற எவனுக்கும் தெரியும். கொஞ்ச நேர வேலைக்கு யாரும் பலகையைக் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. ஒருவன் உள்முனையில் நிற்பான். அவன் பாரத்தை நம்பி இன்னொருவன் வெளியே நீட்டிய முனையில் நின்று பூசுவான். உள்ளே நிற்பவன் சொல்லாமல் இறங்கினால் பலகை கவிழும். அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் கொத்தனார் வாசலில் பெயிண்டரைப் பிடித்தார்.

"ஏன்டா, இறங்குறப்போ அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

பெயிண்டரின் முகம் வெளிறிப்போனது. "இல்லண்ணே... ஆனா குரல் கேட்டது நிஜம்ணே. சத்தியமா."

"கேட்டிருக்கும். நான் இல்லேங்கல. உன்கிட்ட பேசினவருக்கு, அவன்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வாய் வலிச்சுதா?"

போதகர் நடுவில் வந்து தோளில் கை வைத்தார். "அவர் செய்யிறது மனுஷ புத்திக்கு எட்டாதுப்பா."

"பிழைச்சவன் கதைன்னா மட்டும் எல்லார் புத்திக்கும் எட்டுதே, அது எப்படிங்கய்யா?"

போதகர் கையை எடுத்துக்கொண்டார். அம்மாதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயை மூடுடா. அவரையும் விட்டுட்டா நான் யார்கிட்டடா போய் அழுவேன்?"

கொத்தனார் அம்மாவோடு வீட்டுக்கு நடந்தார். நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இல்லாத ஒருவர் மேல் இவ்வளவு கோபம் வருமா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரோரம் முழங்கால் போட்டாள். தனியாக விட மனம் வராமல் பக்கத்தில் அவரும் போட்டார். அவள் கண்ணை மூடி ஜெபித்தாள். அவர் மேலே பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.