கருந்துளைக்குப் பக்கத்தில் பதினோரு புள்ளிகள்

ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் ‘சல்லடை’ என்றுதான் கூப்பிட்டார்கள். ரேடியோ தொலைநோக்கி அனுப்பும் தரவிலிருந்து இரைச்சலைச் சலித்து நீக்கும் நிரல் அவள் எழுதியது. பிள்ளைகளுக்காக ஒன்பது வருஷம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவளுக்கு அந்தப் பட்டப்பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர்கள் கவனித்துக்கொண்டிருந்தது பால்வீதியின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையின் சுற்றுப்புறத்தை. நிரல் கழித்துப்போடுவதெல்லாம் தனியாக ஒரு பட்டியலில் போய் விழும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகச் செய்த திருத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அவள் திறந்தாள்.

ஒரு புள்ளி வானத்தில் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. போன மாதத்துப் பட்டியலைத் திறந்தாள். அதே எண்கள். அதற்கு முந்தின மாதம்? அதிலும் அதே.

இரைச்சல் இப்படி மாதாமாதம் ஒரே நாற்காலியில் வந்து உட்காராது.

பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றல்ல, ஒட்டினாற்போல இரண்டு புள்ளிகள். ஒன்றில் வாயு நம்மை நோக்கிப் பாய்கிறது, மற்றதில் நம்மைவிட்டு விலகி ஓடுகிறது. இது எதன் அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் தன்மேல் வந்து விழும் வாயுவை முழுக்க விழுங்காது. ஒரு பங்கை எதிரெதிர்த் திசைகளில் பீய்ச்சி அடிக்கும்.

“தாடி! கொஞ்சம் இங்க வாங்களேன், சீக்கிரம்!”

‘தாடி’ என்பது பக்கத்து மேசைக்காரரின் பட்டப்பெயர். கணக்கில் புலி. திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“நட்சத்திரமா? அந்த இடத்துலயா? சான்ஸே இல்லம்மா. வாயு மேகத்தோட கிட்டப் பக்கத்தக் கருந்துளை பலமா இழுக்கும், எட்டப் பக்கத்த அவ்வளவா இழுக்காது. மேகம் நூல் நூலா பிஞ்சு போயிடும். அப்புறம் எங்கேருந்து நட்சத்திரம் பொறக்கும்?”

“மேகம் ரொம்ப இறுக்கமா இருந்தா? அதோட சொந்த ஈர்ப்பே அதப் பிடிச்சு வெச்சுக்காதா?”

“எவ்வளவு இறுக்கம் வேணும்னு தெரியுமா உனக்கு?”

“எனக்குத் தெரியாது. நீங்கதான் போட்டுச் சொல்லணும்.”

தாடி முனகிக்கொண்டே பேனாவை எடுத்தார். அவள் அந்த இடத்து வாயுவின் அடர்த்தியைத் தரவிலிருந்து தோண்டினாள். அந்த நேரம் பார்த்து, பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கும் அவள் அக்காவிடமிருந்து போன்.

“அக்கா, இப்பப் பேச முடியாது. இங்க பிரசவம் நடந்துட்டிருக்கு!”

“ஆபீஸ்லயா? ஐயையோ, யாருக்குடி? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா?”

“கருந்துளைக்குப் பக்கத்துலக்கா! அப்புறம் கூப்பிடறேன்!”

தாடியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. தேவையான அடர்த்தி என்று அவர் ஒரு எண்ணைக் காட்டினார், அங்கே இருக்கும் அடர்த்தி என்று அவள் ஒரு எண்ணைக் காட்டினாள். அவளுடையது அவருடையதைவிட மூன்று மடங்கு.

“தாங்கும் போலருக்கே!” என்றார். எழுந்து நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “ஆனா வாயுவ இந்த அளவுக்கு யாரு இறுக்கினது?”

“கருந்துளையேதான்! அதச் சுத்தற மேகங்க ஒண்ணோட ஒண்ணு மோதி நசுங்குதுல்ல? பிய்க்கற கையேதான் பிசையவும் செய்யுது!”

இருவரும் இயக்குநர் அறைக்கு ஏறக்குறைய ஓடினார்கள். மேடம் நிதானமான மனுஷி, சுலபத்தில் அசைய மாட்டார். அவர்கள் அச்செடுத்துக் கொண்டுபோன படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார்.

“மங்கலா இருக்கும்மா. இத வெச்சுக்கிட்டு யார் முன்னாடியும் போய் நிக்க முடியாது. கூர்மையா ஒரு படம் வேணும்.”

அவசரத்துக்கென்று வருஷத்தில் ஒரே ஒரு மணி நேரம் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. தன் சொந்த ஆராய்ச்சிக்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டார்.

ரேடியோ தொலைநோக்கிக்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். மதியம் மூன்று மணிக்கு, வேறொரு கண்டத்தின் மலைமேல் வரிசையாக நிற்கும் தொலைநோக்கித் தட்டுகள் அந்தப் புள்ளியின் பக்கம் திரும்பின. நான்கரைக்குப் படம் வரி வரியாகத் திரையில் இறங்கத் தொடங்கியது. மூவரும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள்.

மேலே ஒரு வாயுத் தாரை. கீழே ஒரு வாயுத் தாரை. நடுவில், கடுகைவிடச் சிறிதாக, பிரகாசமான ஒரு மொட்டு.

“அடேயப்பா!” என்று முதலில் கத்தியவர் மேடம்தான். தாடி மேசையைக் குத்தினார், தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. யாரும் துடைக்கவில்லை.

சல்லடைக்கு வேறொன்று உறைத்தது. பழைய பட்டியல்களை எல்லாம் கொட்டி, இதே மாதிரி இரட்டைப் புள்ளிகளைத் தேடினாள். அலுவலகம் காலியாகும் நேரத்துக்கு, இதையும் சேர்த்துப் பதினோரு ஜோடி தேறின.

“மேடம், பதினோரு நட்சத்திரத்த நானே குப்பைல போட்டிருக்கேன்” என்றாள்.

“போட்டவங்கதானே தேடியும் எடுத்தீங்க? எங்க யாருக்கும் அது தோணலையே” என்றார் மேடம். “உக்காருங்க, ஆராய்ச்சிக் கட்டுரைய ஆரம்பிக்கலாம். முதல் பேரு உங்களோடது.”

ஏழு வாரம் கழித்து, வேறொரு குழு தங்கள் தொலைநோக்கியில் சரிபார்த்துக் கடிதம் அனுப்பியது. பதினொன்றில் ஒன்பது உண்மையிலேயே பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள். மீதி இரண்டு வெறும் இரைச்சல். தாடி அந்தக் கடிதத்தை நடைபாதையில் நின்று உரக்க வாசித்தார். ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்தது. எல்லோரும் கை தட்ட, அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு அழுகையும் சிரிப்பும் கலந்த குரலிலேயே சொன்னாள்:

“அந்த ரெண்டையும் இன்னொரு தரம் பாத்துடலாமே?”